ஆறு இறாத்தல் பந்து

என் மகள் ஒன்பது வயதில் கிரிக்கெட்டில் பந்து போட ஆரம்பித்தாள். பையன்கள் வேறு வழியில்லாமல் அவளைப் போட விட்டார்கள் என்பதுதான் சரி. எங்கள் தேயிலைத் தோட்டம் பெரகல சந்திக்கு மேலே இருந்தது. அங்கே சமதரை என்றால் பள்ளிக்கூட முற்றம் ஒன்றுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். டீச்சரின் மகளைச் சேர்க்காவிட்டால் முற்றம் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் அவள் போட்ட பந்துகள் அவர்களுடைய குச்சிகளைச் சாய்க்கத் தொடங்கின. அதன்பிறகு முற்றத்துக்காக இல்லாமல் அவளுக்காகவே வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்கள்.

அவர்களிடம் இருந்தது ஒரு டென்னிஸ் பந்து. மேல் பஞ்செல்லாம் உதிர்ந்து வழுக்கையாகிப் போன பந்து. "இது கையில நிக்கவே மாட்டேங்குதும்மா. ஸ்பின் போடணும்னா உண்மையான பந்து வேணும்," என்று மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து கொடுக்க வந்து, தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த என்னைக் கட்டிக்கொண்டு மலையிலேயே தங்கிவிட்டவர். அவருடைய அண்ணன் கனடாவில் இருந்தார். மகளுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பார்.

"பெரியப்பாவுக்கு நீயே எழுது, பிள்ளை. இங்கிலீசில எழுது, பழக்கம் வரும்," என்றார் கணவர்.

அவள் எழுதினாள். பந்து போடுகிறவள் போடும் பந்துக்கு 'பௌலிங் போல்' என்றுதானே பெயர் இருக்க வேண்டும்? அப்படியே எழுதினாள். நான் மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். பிழையில்லாமல் எழுதியிருந்த அந்தச் சொல்லைத் தொடவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. மைத்துனர் எதையும் முறையாகச் செய்கிறவர். "பிள்ளைக்கு இது முதல் பந்து. அவசரப்பட்டு வாங்கக் கூடாது," என்று தொடங்கி, கீழே கேள்விகளை அடுக்கியிருந்தார். பிள்ளையின் நிறை எவ்வளவு? வலக்கையா, இடக்கையா? கையைத் தாளில் வைத்து, விரல்களை விரித்து, சுற்றிக் கோடு கீறி அனுப்பவும். பெருவிரலிலிருந்து நடுவிரல் வரை எத்தனை அங்குலம்? பிள்ளைக்குப் பிடித்த நிறம் என்ன?

நான் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "பந்து வாங்க எதுக்குங்க புள்ளையோட எடை?"

"கனடாவில எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்கும். இஞ்ச மாதிரி இல்லை," என்றார் கணவர், தானே அங்கே போய்விட்டு வந்தவர் போல.

மகளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "ஸ்பின் போடுறவங்களுக்கு விரல் அளவு பாப்பாங்கம்மா," என்றாள். நிறத்தைப் பற்றிக் கேட்டதுதான் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அப்போது டெலிவிஷனில் வெள்ளைப் பந்திலும் ஆடினார்கள். அதனால் கேட்டிருப்பார் என்று நாங்கள் முடிவு செய்தோம். 'சிவப்பு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

டிஸ்பென்சரியில் இருந்தது கைக்குழந்தைகளைக் கிடத்தி நிறுக்கும் தராசு. அதில் இவள் உட்கார முடியாது. மறுநாள் மாலை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூட்டிப்போனேன். கணக்கப்பிள்ளை அவளைக் கொழுந்துச் சாக்கில் உட்காரவைத்துத் தராசுக் கொக்கியில் மாட்டினார்.

"இருபத்தெட்டு கிலோ," என்றார். உடனே பழக்கத்தில், "சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒன்னு கழிச்சா இருபத்தேழு," என்றார்.

வரிசையில் கூடையோடு நின்ற ஒரு பெண் விடவில்லை. "ஏங்கய்யா, டீச்சர் மகளுக்குமா கழிக்கிறீங்க? அந்தப் புள்ள ஒரு சொட்டுகூட நனையலயே!"

மடுவமே சிரித்தது. சாக்குக்குள் இருந்தபடி மகளும் சிரித்தாள், தராசு முள் ஆடியது. கடைசியில் இருபத்தேழு என்றே எழுதி அனுப்பினோம்.

நான்கு மாதம் கழித்து, பதுளைத் தபால் நிலையத்துக்கு நேரில் வந்து பார்சலைத் திறந்து காட்டிப் பெற்றுக்கொள்ளும்படி சிங்களத்தில் ஒரு துண்டுச் சீட்டு வந்தது. மூவரும் போனோம். யுத்தக் காலம். வெளிநாட்டிலிருந்து வரும் எதையும் வாங்க வந்தவர்களை முன்னால் வைத்துத்தான் பிரிப்பார்கள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசையில் வைத்த அலுவலர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நடுத்தர வயது, மூக்கு நுனியில் கண்ணாடி.

"உள்ளே என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பந்து," என்றார் என் கணவர். "கிரிக்கெட் பந்து. மகளுக்கு."

அலுவலர் பெட்டியைக் கீறினார். நுரைத்தாளை விலக்கினார். உள்ளே ஒரு பந்து இருந்தது. சிவப்புதான், சந்தேகமில்லை. தேங்காயைவிடப் பெரியது, கண்ணாடி போல மினுங்கியது, மேலே மூன்று ஓட்டைகள். அதைத் தூக்கி மேசையில் வைத்தார். 'டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றார்.

எங்கள் மூவருக்கும் அது என்ன என்று தெரியாது. அலுவலருக்கும் தெரியாது. அவர் ஓட்டைகளைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"கிரிக்கெட் பந்து என்றுதானே சொன்னீர்கள்?"

"ஓம் சேர்."

"அப்படியானால் இதை அடிக்கப் போவது யார்?"

அதைக் கிண்டலாகக் கேட்டாரா, விசாரணையாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கணவரின் நெற்றி வியர்த்துவிட்டது. நல்லவேளையாகப் பெட்டியின் அடியில் மைத்துனரின் கடிதம் இருந்தது. அதை நான் வாங்கிப் படித்து, வரிக்கு வரி சிங்களத்தில் சொன்னேன். "இது பத்துக் கட்டைகளை நிறுத்தி வைத்து உருட்டி விழுத்தும் பந்து. பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால்தான் தோள் நோகாது, ஆகவே ஆறு இறாத்தல், உங்கள் கணக்கில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. அனுப்பிய கைப்படத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து அந்த அளவுக்கே துளை போடச் சொன்னேன். வளரும் கை என்பதால் கொஞ்சம் தளர்வாகவே போடச் சொல்லியிருக்கிறேன். சிவப்பு இரண்டு விதம் இருந்தது, அரை மணி நேரம் யோசித்து இதை எடுத்தேன்."

படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது.

அலுவலர் மகளைக் கூப்பிட்டார். "வா, விரலை விட்டுக் காட்டு."

அவள் பெருவிரலையும் நடு இரு விரல்களையும் விட்டாள். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தன. மெதுவாகத் தூக்கினாள். அந்த அறையில் இருந்த ஐந்தாறு பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவளுடையதுதான்," என்று கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு இறாத்தல் ஏமாற்றம் என் கணவரின் மடியில் இருந்தது. பண்டாரவளை வருவதற்குச் சற்று முன்பு அவர் என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் சொன்னார்:

"இஞ்சேரும், பெருவிரல் வருகுதில்லை."

பார்த்தேன். அவருடைய வலது பெருவிரல் பந்துக்குள் இருந்தது.

"எதுக்குங்க உள்ள விட்டீங்க?"

"சும்மா விட்டுப் பாத்தனான்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போட்ட துளையில் நாற்பது வயது விரல் எப்படி நுழைந்ததோ! இழுத்தேன், திருகினேன். முன் சீட்டுக்காரர் எழுந்து வந்து தன் பங்குக்கு இழுத்தார். அதற்குள் பஸ் நின்றது. செக்பொயின்ட். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். அட்டை அவருடைய சட்டைப் பையில். வலது கையிலோ பந்து.

அவர் இறங்கினார். சிவப்பாக, பளபளவென்று, கைக்குப் பதிலாகப் பந்து முளைத்த மனிதர் போல. இளம் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தான்.

"அதைக் கீழே வை!"

"வைக்க முடியாது," என்றார் கணவர் தன் அரைகுறைச் சிங்களத்தில். அது மறுப்பாகவே ஒலித்தது. சிப்பாயின் முகம் மாறியது. வரிசையில் முன்னும் பின்னும் இருந்தவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

அப்போது மகள்தான் முன்னால் போனாள். அவளுடைய சிங்களம் எங்கள் இருவருடையதையும்விட நன்றாக இருக்கும். "மாமா, அது என்னுடைய பந்து," என்றாள். "அப்பா விரலை விட்டு மாட்டிக்கொண்டார்."

சிப்பாய் குனிந்து பார்த்தான். பெருவிரல் நீலம் பாய்ந்து வீங்கியிருந்தது. அவன் உதட்டைக் கடித்தான். முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடி, சவரம் செய்யும் சோப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்தான். பஸ் முழுவதும் சுற்றி நின்று யோசனை சொல்ல, விரல் 'பொப்' என்று வெளியே வந்தது. யாரோ கை தட்டினார்கள். எங்கள் அட்டைகளைப் பார்க்க அவன் மறந்தே போனான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி: "இத எப்படிம்மா ஸ்பின் பண்றது?"

"அண்ணைக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ," என்றார் கணவர், வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டு. "இரவு வேலைக்குப் போற மனுசன். அரை மணித்தியாலம் நிண்டு எடுத்திருக்கிறார்."

எழுதவில்லை. நானே அடுத்த விடுமுறையில் அவளைப் பண்டாரவளைக்குக் கூட்டிப்போய், ஒரு கடையில் சிறிய தோல்பந்து ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் நீட்டிய ஏழு பந்துகளையும் அவள் முகர்ந்து பார்த்தாள், தையலை நகத்தால் தடவினாள், ஒன்றை மட்டும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டாள். அளவெடுப்பது அவ்வளவுதான்.

பெரிய பந்துக்கும் வேலை வந்தது. டிஸ்பென்சரி வராந்தாவில் பத்து வெறும் பிளாஸ்டிக் மருந்துப் போத்தல்களை நிறுத்தி உருட்ட ஆரம்பித்தாள். மருந்துக்குக் காத்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் நிமிர்ந்து நின்று மூன்று தடவை உருட்டியதை என் கணவர் கண்ணால் கண்டார். அதன்பிறகு முதுகுவலி என்று யார் வந்தாலும் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரகல சந்தியில் உள்ள கடைக்குப் போன் எடுத்தார். மகளிடம்தான் முதலில் பேசினார். நான் ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தேன்.

"எப்பிடி, பந்து பிடிச்சிருக்கோ? எத்தினை விழுத்தினனீ?"

அந்த வாரம் பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய ஆட்டம் ஒன்று நடந்திருந்தது. மகளுக்கு அதுதான் நினைவில் இருந்தது. "மூணு பெரியப்பா!"

"பத்தில மூண்டோ? துவக்கத்துக்குப் பரவாயில்லை."

"ஆமா. மிச்சத்த மத்தவங்க விழுத்திட்டாங்க."

"ஓ, ரீம் பிரிச்சோ விளையாடுறியள்! நல்லது, நல்லது."

இருவரும் மிகுந்த மகிழ்ச்சியோடு பேசி முடித்தார்கள்.

சமாதானக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தபோது மைத்துனர் கனடாவிலிருந்து வந்தார். மகளுக்கு அப்போது பதினைந்து. மாலையில் முற்றத்துக்கு நடந்து வந்தவர், அவள் தோல்பந்தைச் சுழற்றிப் போடுவதைச் சுவரோரம் நின்று வெகு நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, நீ அப்ப கேட்டது இதையோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் கணவரைப் பார்த்தேன். கணவர் எதிர்மலையைப் பார்த்தார்.

"ஆமா பெரியப்பா," என்றாள்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடத்தில முதல் ஓவர் போட்டவன் நான்," என்றார். "எனக்கு அது நினைவே வரேல்லை. அந்தச் சொல்லைக் கண்டவுடன வேலைத்தலத்துக்குப் பக்கத்தில பந்து உருட்டிக் கட்டை விழுத்துற இடந்தான் மனசில வந்தது." பிறகு கையை நீட்டினார். "கொண்டா, ஒண்டு போடுவம்."

காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். பன்னிரண்டடி பின்னால் போனார். ஓடி வந்தார், நல்ல ஓட்டந்தான். ஆனால் கடைசி நேரத்தில் கை மேலே போவதற்குப் பதிலாகப் பின்னால் போனது. முழங்கால் மடிந்தது, ஒரு கால் பக்கவாட்டில் வழுக்கியது, பந்து தரையோடு தரையாக உருண்டது. மட்டையோடு நின்ற பையன் அது துள்ளும் துள்ளும் என்று பார்த்துக்கொண்டே நின்றான். பந்து அவன் கால்களுக்கு நடுவே போய் நடுக்குச்சியைச் சாய்த்தது.

மைத்துனர் இரண்டு கையையும் உயர்த்தினார். முற்றமே கத்தியது. மகள் மட்டும் கூச்சல் அடங்கும்வரை காத்திருந்து, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

"நோ போல், பெரியப்பா."

"என்ன நோ போல்? விழுந்திட்டுதெல்லோ!"

"உருட்டினா செல்லாது."

"எந்தச் சட்டத்தில இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவர் வெறுங்காலோடு அவளை நோக்கி நடந்தார். இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை இருவரும் அங்கேயே நின்று வாதாடினார்கள்.