இங்கே பூ ஒட்டாதே

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதத்துச் சாயங்காலம், மயிலாப்பூரில் நடந்தது இது. நான் கொட்டிவாக்கத்தில் குடியிருக்கும் ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருப்பவர்கள் ஓட்ட ஆள் வேண்டுமென்று ஏஜென்சிக்குப் போன் செய்தால், அந்த ஒரு நாள் போய் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் ஆட்டோ ஓட்டினேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. நாலு பேர் நடுவில் பேச வேண்டுமென்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட என் மனைவிதான் போய்க் கேட்பாள். அப்படிப்பட்ட நான், ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தையே நடுத்தெருவில் நிறுத்தி வைத்தேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒருவர் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். வண்டு மாதிரி முதுகு வளைந்த கார். மேலே துணிக் கூரை, அதைப் பின்னால் மடக்கிவிட்டால் திறந்த கார் ஆகிவிடும். எஞ்சின் பின்பக்கம் இருக்கும். அதற்கு ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு விசிறி வெளிக்காற்றை இழுத்து எஞ்சின்மேல் அடிக்கும், அவ்வளவுதான். தெரிந்த குடும்பங்களுக்கு மட்டும் ஜானவாசத்துக்கு அந்தக் காரைக் கொடுப்பார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நாதஸ்வரத்தோடு திறந்த காரில் அழைத்து வருவார்களே, அதற்கு. எப்போதும் அவரேதான் ஓட்டுவார். அந்தத் தடவை முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் என்னைக் கூப்பிட்டார்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இந்த எஞ்சினைப் பிரிச்சுத் திரும்பக் கட்ட எனக்கு நாலு வருஷம் ஆச்சு. ஒரு பிஸ்டனுக்காக ஏழு மாசம் காத்துக்கிட்டிருந்தேன். உடம்புல சொட்டை விழுந்தா பரவால்ல. எஞ்சினை மட்டும் அப்படியே கொண்டாந்து குடுத்துடு."

"சரி சார்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது.

மண்டபத்து வாசலில் பூ அலங்காரக்காரர் காத்திருந்தார். முன்னால் மாலை, பக்கவாட்டில் சரம் எல்லாம் கட்டினார். கடைசியில் ஒரு பெரிய தெர்மோகோல் பலகையைக் கொண்டு வந்தார். ரோஜாவும் சம்பங்கியும் வைத்து மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் எழுதிய இதய வடிவப் பலகை. அதைப் பின் மூடிமேல் பொருத்திச் சுற்றி டேப் ஒட்டினார். அந்த மூடியில் வரிசை வரிசையாகக் காற்றுத் திறப்புகள் இருக்கும். பலகை அத்தனையையும் மறைத்துவிட்டது.

எனக்கு மனசில் சுருக்கென்றது. "அண்ணே, அந்த எடத்தை விட்டுடலாமே" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ வண்டிய ஓட்டு, நான் பூவ ஒட்றேன். போட்டோல பேர் தெரியணும்னு கேட்டு வாங்கிக்கீறாங்க" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரம், தவில், அதற்கு முன்னால் பட்டுப்புடவைகள். எல்லோரும் நடக்கிற வேகத்துக்குத்தான் நானும் போக வேண்டும். முதல் கியரிலேயே கிளட்சை விட்டுப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தேன். போதாததற்கு மெட்ரோ வேலைக்காகத் தெருவில் பாதியைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். ஒரு பஸ் திரும்பினால் நாங்கள் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். சூடான எண்ணெய் வாசனை வந்தது. தெருவோரத்து பஜ்ஜிக் கடை என்று முதலில் நினைத்தேன். கடை தாண்டியும் வாசனை கூடவே வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி முக்கியது. நிற்கும்போது ஆயில் பிரஷருக்கான பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆயில் கொதித்துத் தண்ணீராக இளகிவிட்டது என்று அர்த்தம். உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். சாவியைத் திருப்பின பிறகும் எஞ்சின் ரெண்டு மூணு சுற்று தானாகவே தடதடவென்று ஓடி, அப்புறம்தான் நின்றது. பதினாறு வருஷம் ஆட்டோ ஓட்டியவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? உள்ளே நெருப்பாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மாப்பிள்ளையின் தாய்மாமா ஓடி வந்தார். எஞ்சினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். சாயங்காலத்திலிருந்தே எல்லாருக்கும் அவர்தான் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, நடுத்தெருவுல நிறுத்திண்டு நிக்கற?"

"எஞ்சின் சூடாயிடுச்சு சார்."

"சூடானா தண்ணி விடு. பானெட்டைத் திற."

நான் பதில் சொல்வதற்குள் அவரே முன் மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு ஸ்டெப்னி டயர், ஒரு ஜாக்கி, ஒரு பழைய துண்டு. வேடிக்கை பார்த்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தியிருந்த டிரைவர் ஒருவர், "இன்னா நைனா, இன்ஜினை வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்றார்.

பின்பக்கம் என்று நான் கையைக் காட்டினேன். அந்த ஆட்டோக்காரர் நல்ல மனசோடு தன் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பலகையோடு சேர்த்துப் பின் மூடியைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. அவர் கேனைச் சாய்க்கப் போனார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "ஊத்தாதப்பா! சூட்டுல தண்ணி பட்டா அலுமினியம் வெடிச்சுடும்." அவ்வளவு சத்தமாக நான் பேசி எனக்கே ஞாபகம் இல்லை.

பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெல்ட் அறுந்திருந்தால் விசிறி சுற்றாது. ஆனால் பெல்ட் அறுந்தால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அது எரியவில்லை. கட்டை விரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தேன், விறைப்பாகத்தான் இருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துணி சுற்றி உருவினேன். அளவு சரியாக இருந்தது. ஆனால் ஆயில் கம்பியில் நிற்காமல் வழிந்து ஓடியது. விசிறி வாயில் எலி கூடு கட்டியிருக்குமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கூடு இல்லை. ஒட்டிக்கொண்டிருந்தது நாலைந்து ரோஜா இதழ்கள்.

உண்மையைச் சொல்கிறேன், காரணம் அந்தப் பலகைதான் என்று வண்டியை நிறுத்தும்போதே எனக்குத் தெரியும். பெல்ட்டாக இருக்கக் கூடாதா, எலியாக இருக்கக் கூடாதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். ஏனென்றால், பலகை என்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

பத்து நிமிஷம் ஆறவிட்டு, மூடியைச் சாத்தி, ஒரே நொடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி ஆட்டோக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பலகையின் மூலையில் டேப்பைப் பிரித்துத் தூக்கிப் பார்த்தேன். வரவில்லை. உள்ளே யாரோ பிடித்து இழுப்பது மாதிரி மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆஃப் பண்ணு" என்றேன். எஞ்சின் நின்றதும் அந்த மூலை தொளதொளவென்று கையோடு வந்தது. விசிறி முழு மூச்சாக இழுத்திருக்கிறது, பாவம். காற்றுக்குத்தான் வழி இல்லை.

"இந்தப் பலகையை எடுக்கணும் சார். எடுத்துட்டு இன்னும் இருபது நிமிஷம் ஆறவிடணும்" என்றேன்.

மாமாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஜானவாசத்துல பேர் போட்ட பூவைப் பிச்சுப் போடறதா? அபசகுனமாப் பேசறயே! இன்னும் ரெண்டு தெருதான். மெதுவா ஓட்டிண்டு வா."

"மாட்டேன் சார்."

"என்ன சொன்ன?"

"ரெண்டடி கூட ஓட்ட மாட்டேன் சார்."

ஆட்டோக்காரரிடமிருந்து சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை மாமா பார்த்தார். கூட்டமும் பார்த்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"முப்பது வருஷம் எஞ்சின் கம்பெனில டிசைன் பண்ணினவன்யா நான். நீ என்ன படிச்சிருக்க?"

"அஞ்சாவது சார்" என்றேன். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "நீங்க பார்த்ததெல்லாம் தண்ணி எஞ்சின் சார். இது காத்து எஞ்சின். நான் பதினாறு வருஷம் இந்த மாதிரி எஞ்சினைப் பின்னாடி வெச்சுக்கிட்டுத்தான் ஆட்டோ ஓட்டினேன். இதோட மூக்கை நாம அடைச்சிருக்கோம். இதுக்கு மேல ஓட்டினா எஞ்சின் செத்துடும். செத்தா இந்த ஊர்ல கிடைக்காது."

"உன் ஓனருக்குப் போன் போடு. நானே பேசிக்கறேன்" என்றார். ரெண்டு தடவை அடித்தேன். ஓனர் எடுக்கவில்லை. இனி யாரும் எனக்காகச் சொல்லப் போவதில்லை என்று தெரிந்ததும், எப்படியோ பயம் போய்விட்டது.

"அவரு சொல்றது கரீட்டு சார்" என்றார் ஆட்டோக்காரர். "எங்க பழைய வண்டில பின்னாடி கோணிய போட்டு மூட்னா, பீச் தாண்டறதுக்குள்ள மண்டையப் போட்டுடும்."

"நீ சும்மா இருய்யா!" என்று அவருக்கும் ஒரு அதட்டல் விழுந்தது. பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. "தள்ளிண்டு போயிடலாமா?" என்று ஒருவர் கேட்க, "மாப்பிள்ளையைத் தள்ளிண்டா போவா?" என்று இன்னொருவர் கேட்டார்.

நான் காத்திருக்கவில்லை. மீதி டேப்பைப் பிரித்தேன். ஒரு பூகூட உதிரக் கூடாதென்று, தூங்குகிற குழந்தையை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் பலகையை எடுத்தேன். அதைத் தரையில் வைக்க மனசு வரவில்லை. நேராக நடந்து போய் முன் மூடிமேல் வைத்து, அதே டேப்பால் ஒட்டினேன். "முன்னாடி வெறும் டிக்கிதான் சார். இங்க எத்தனை பூ வேணும்னாலும் வைக்கலாம். பேரும் எதிர்ல வர்றவங்களுக்குத் தெரியும்."

அதுவரை மாலையும் கழுத்துமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்த மாப்பிள்ளை, பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாமா, இதுவே நன்னாருக்கு. பின்னாடி இருந்தப்போ என் பேரையே நான் பாக்கலை" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தவிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

இருபது நிமிஷம் வண்டி ஆறியது. நாதஸ்வரக்காரர் நின்ற இடத்திலேயே ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக வாசித்தார். நான் விசிறி வாயில் ஒட்டியிருந்த இதழ்களைக் கைக்கு எட்டினவரை பொறுக்கி எடுத்தேன். பிறகு ஸ்டார்ட் செய்து, பின் மூடித் திறப்புகளுக்கு நேராக என் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தேன். சர்ரென்று போய் ஒட்டிக்கொண்டது. பச்சை விளக்கு அணைந்தே இருந்தது. மண்டபம் வரை மறுபடியும் எரியவில்லை. மணி எட்டுக்குள் நிச்சயதார்த்தத்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

இது அங்கேயே முடியவில்லை. மறுநாள் காலையிலேயே மாமா ஏஜென்சிக்குப் போன் செய்து, கூட்டத்தில் நான் அவரை மரியாதை இல்லாமல் எதிர்த்துப் பேசியதாகச் சொல்லியிருக்கிறார். "ஒரு சாரி மெசேஜ் போட்டுடு, விஷயம் முடிஞ்சுடும்" என்றார்கள். பூ விஷயத்தை முதலிலேயே சத்தமாகச் சொல்லாததற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கிறேன், வண்டியை நிறுத்தினதற்குக் கேட்க மாட்டேன் என்றேன். ஒரு மாதத்துக்கு மேல் எனக்கு வேலை சொல்லி அவர்கள் கூப்பிடவில்லை. மனைவி கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள், "நெஜமாவே அத்தனை பேர் முன்னாடி நீங்களா பேசினீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவ்வளவுதான்.

ஊர்வலத்தன்று இரவு காரைக் கொண்டுபோய் விட்டபோது, ஓனர் ஊன்றுகோலோடு வந்து பின் மூடியைத் திறந்தார். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், பலகை ஒட்டும்போது நான் வாய்க்குள் முனகியதையும் சேர்த்து. அவர் உள்ளே கையை விட்டு, என் கண்ணுக்குத் தப்பிய ஒரு கருகின ரோஜா இதழை எடுத்தார். நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு சின்னத் தகடும் பெயின்ட்டும் பிரஷ்ஷும் இருந்தன. "இனிமே கல்யாணத்துக்குப் போனா இதைப் பின்னாடி மாட்டிக்கலாம். நீயே எழுது" என்றார். என் எழுத்து கோணலாக இருக்கும் சார் என்றேன். இருக்கட்டும் என்றார். "இங்கே பூ ஒட்டாதே" என்று எழுதினேன். மரியாதையாக "ஒட்டாதீர்கள்" என்று எழுதியிருக்கலாம், ஆனால் தகட்டில் இடம் பத்தவில்லை. இடம் இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போதும் அந்தக் காரை நான்தான் ஓட்டுகிறேன். என் கூச்சம் எங்கேயும் போய்விடவில்லை, ரேஷன் கடைக்கு இன்றைக்கும் மனைவிதான் போகிறாள். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, படித்தவர் சொல்கிறார் என்பதற்காக நான் விழுங்குவதில்லை. மெதுவாக ஒரு தடவை சொல்லுவேன், சத்தமாக ஒரு தடவை சொல்லுவேன், அதற்கும் கேட்கவில்லை என்றால் சாவி என் சட்டைப் பைக்குள் போய்விடும்.