மூன்று நாள் பழைய பக்கம்

இணையத்திற்குக் காவல் வைக்கும் தொழிலில் காவல் பலமாக இருந்தாலும் வசவு, இளைத்தாலும் வசவு என்பதை, இதில் தலையைக் கொடுத்திருக்கும் நண்பர்கள் அறிவார்கள்.

வேகம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளி. முப்பது கணினிகளுக்கு ஒரே இணைப்பு. எவரிடமும் பாடம் கேளாமல் நானே கற்றுத் தேர்ந்தவன் என்ற துணிவில், பழைய கணினி ஒன்றை நடுவே ப்ராக்ஸியாக நிறுத்தினேன். ஒருமுறை வந்த பக்கத்தின் பிரதியைச் சேமித்து, அடுத்துக் கேட்பவருக்கு அதையே அது எடுத்துக் கொடுக்கும். பிரதிகள் ஒரு வாரம் இருக்கட்டும் என்று, எந்தத் தளத்திற்கும் விலக்களிக்காமல் ஆணையிட்டேன். கணினி ஆசிரியை அகமகிழ்ந்தார்: "கேக்கறதுக்கு முன்னயே வந்து நிக்குது சார். இனிமே இதுல கை வெக்காதீங்க."

பூட்டு

மாணவர்கள் விளையாட்டுகளை இறக்கிக் குவித்தனர். ஆதலால் எந்தக் கோப்பினையும் எவரும் இறக்க இயலாதவாறு ப்ராக்ஸியின் வடிகட்டியை இறுக்கினேன். கிரிக்கெட் தளங்களையும் அடைத்தேன். மறுநாளே உடற்பயிற்சி ஆசிரியர் வாசலில் என்னை மறித்துக்கொண்டார்: "பசங்களுக்குப் பூட்டு போடுன்னா, எனக்கும் சேத்து போட்டுக்கினு போயிட்டியே நைனா."

மூன்றரை மணி

அடுத்த வாரம் இரும்பு ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், வேலை உடுப்புடனே தலைமையாசிரியையின் அறைக்கு வந்தார். அவர் மகள் ஸ்டெல்லாவுக்கு மறுநாள் காலை உதவித்தொகைத் தேர்வு. அதற்கான நுழைவுச் சீட்டைப் பள்ளியின் கணக்கு வழியே இறக்கிக்கொள்ள அன்று மாலை ஐந்து மணிவரைதான் கெடு. எங்கள் திரையிலோ, 'சீட்டு இன்னும் வெளியாகவில்லை' என்றே மூன்று நாளாக இருந்தது. நானும் அங்கிருந்தேன், இயந்திரம் பொய் சொல்லாது என்று அவருக்கு விளக்கினேன். அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வேறொரு பெண்ணின் நுழைவுச் சீட்டு. "இது பக்கத்து ஊட்டுப் பொண்ணுது சார். பொன்னேரில படிக்குது. அதுக்கு மட்டும் எப்புடி வந்துச்சு?"

ஐந்துக்குப் பத்து நிமிடம்

என் ப்ராக்ஸி மூன்று நாள் பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரதிகளை அழித்தேன், பழைய கணினியின் வன்தட்டு மெதுவாகச் சுழன்றது. புதிய பக்கம் வந்ததும் பள்ளியின் கணக்கைத் திறந்து, சீட்டை இறக்கச் சொன்னேன். 'அனுமதி இல்லை' என்றது என் வடிகட்டி. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நான் போட்ட பூட்டு ஒவ்வொன்றையும் தேடித் தேடி அவிழ்த்தேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஸ்டெல்லாவின் முகம் அச்சுத்தாளில் வெளிவந்தது.

தாளை வாங்கி மடிக்காமல் பிடித்துக்கொண்டு, அந்தத் தந்தை தணிந்த குரலில் கேட்டார்: "ஏன் சார், என் ஃபோன்லயே நெட்டு இருக்குதே. அதுல எடுத்திருக்கக் கூடாதா?"

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நான் போராடி வென்ற எதிரியின் பெயரைப் பள்ளியில் எவரும் கேட்கவில்லை என்பதே, இத்தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை.