அக்கா அனுப்பிய பதக்கங்கள்

முதல் பதக்கம் சாக்லேட் பொட்டலங்களுக்கு நடுவே வந்தது. அக்கா ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அவள் பல வருஷம் குளிப்பாட்டி, சோறூட்டிப் பார்த்துக்கொண்ட ஒரு கிழவர் இறந்துபோனார். உரிமை கேட்க யாருமில்லாத அவருடைய சாமான்களைக் குப்பைக்கு ஒதுக்கியபோது, மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டாளாம். கறுப்புச் சிலுவை. ஓரமெல்லாம் வெள்ளி விளிம்பு. நடுவில் மூன்று இலைகள், கீழே 1939.

நான் பதுளை பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். கடை ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம் ஃபோனில் தேடிப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்குக் கொடுத்த வீரப் பதக்கமாம். படங்களில் இருந்த சிலுவைகளில் எல்லாம் நடுவே நாஜிகளின் சுவஸ்திகா இருந்தது. என்னிடம் இருந்ததில் இலை. அந்தக் கிழவரை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கிட்டே வைத்தால் ஒட்டியது, அசலில் இருப்பதுபோல உள்ளே இரும்புதான்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. போருக்குப் பின்னால் அந்தச் சின்னத்தை அங்கே தடை செய்துவிட்டார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு, பழைய சிப்பாய்கள் தங்கள் பதக்கங்களைச் சின்னமில்லாமல் அணியலாம் என்று சட்டம் வந்தது. அதற்காகவே ஓக் இலை வைத்துப் புதிதாகச் செய்தார்கள். சேகரிப்பவர்கள் இவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை, போர்க்களத்தைப் பார்க்காதவை என்பதால். எனக்கு அதனாலேயே பிடித்துப்போனது. சண்டை முடிந்து, வீடு திரும்பி, வேலைக்குப் போய், பிள்ளை குட்டி என்று ஆன பிறகு ஒருவன் கடைக்குப் போய் வாங்கி வந்த சாமான் அல்லவா அது.

இதை அக்காவிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு மணி நேரம் பேசினோம். அது எங்களுக்குப் புதிது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவள் போனபோது எனக்கு ஒன்பது வயது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று கை காட்டினேன். அம்மா செத்தபோது அவளுக்கு விசா சரியாகவில்லை, வர முடியவில்லை. காரணம் தெரிந்தும் என் மனசு ஆறவில்லை. அதன் பிறகு சாப்பிட்டியா, மழையா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த வாரமே அவள் பழைய சாமான் சந்தைக்குப் போனாள். ஃபோனை மேசைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். சுவஸ்திகா இருப்பவற்றின் மேல் வியாபாரிகள் சின்னத் தாள் ஒட்டி மறைத்திருப்பார்கள். வாராவாரம் போய், தாள் ஒட்டாததாகப் பார்த்து எடுப்பாள். காயம்பட்டவர்களுக்குக் கொடுக்கும், இரும்புத் தொப்பி பொறித்த சின்னம், ரிப்பன் மட்டும் புதிதான ஒரு பதக்கம் என்று பத்துப் பதினைந்து சேர்ந்தன. கண்மருந்துக் குப்பிகள் வரும் அட்டைத் தட்டுகளில் பஞ்சு விரித்து அடுக்கினேன்.

போன வருஷம் அவள் ஓய்வு பெற்று, முதல் முறையாக ஊருக்கு வந்தாள். தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அம்மாவைப் புதைத்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில், ஆசையோடு தட்டுகளை எடுத்து அவள் முன்னால் பரப்பினேன். அவள் பார்த்தாள். கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"தொட்டுப் பாருக்கா."

"வேணாம் தம்பி. இதுகளத் தொடவே எனக்குப் பிடிக்காது."

பிறகு மெதுவாகச் சொன்னாள். இல்லத்தில் சில கிழவர்களுக்குப் புத்தி தடுமாறும்போது பழைய காலம் வாயில் வந்துவிடுமாம். ஒருவர் அவளுடைய கறுத்த கையைத் தட்டிவிட்டு, இவள் என்னைக் கழுவக் கூடாது என்று கத்தினாராம். இறந்துபோன அந்தக் கிழவர் மட்டும் அப்படி இல்லை. சந்தையிலும் இவள் சிப்பாய்ப் பதக்கம் கேட்பதைப் பார்த்துச் சிரிப்பார்களாம். அத்தனை வருஷத்தில் இதில் ஒரு வார்த்தைகூட அவள் ஃபோனில் சொன்னதில்லை.

"அப்பொறம் ஏங்க்கா ஒவ்வொரு வாரமும் போன?"

"போகாட்டி நீ சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சிருவியே."

என் மனைவி தேத்தண்ணி ஊற்றும் சாக்கில் எழுந்து உள்ளே போனாள். அப்போதுதான், அம்மா சாவுக்கு அவள் வராததில் எனக்கிருந்த கோபத்தைச் சொன்னேன். தெரியும் என்றாள். ஒவ்வொரு முறை ஃபோன் எடுக்கும்போதும் தெரியும் என்றாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் எழுந்து வந்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

இனி எதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். சேர்த்தவற்றை நான் தூக்கிப்போடவில்லை. இப்போதும் பிடிக்கும், அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

அவள் திரும்பிப் போன பிறகு வந்த முதல் ஞாயிறு இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஃபோனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தாள். நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கியா?" என்றாள்.

"இருக்கேங்க்கா. நீ வேலையப் பாரு."

கிழங்கு வேகிற வரைக்கும் அப்படியே இருந்தோம்.