காற்றுக்கு அடித்த மணி

எங்கள் லைன் வீடுகளில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவாள். நானும் பாலிடெக்னிக் போய்விட்டால் குடம் காலிதான். மணி அடித்தால் வீட்டிலிருப்பவர்கள் எங்கள் குடத்தையும் பிடித்து வைப்பார்கள். அதனால்தான் புராஜெக்டுக்கு, தண்ணீர் வந்தால் மணியடிக்கும் கருவி செய்யலாம் என்றேன். பக்கத்து ஊரான பூதிகோட்டையிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி உடனே சரி என்றாள்.

லேபில் அது பிரமாதமாக வேலை செய்தது. குழாய்க்குள் சின்னச் சக்கரம். தண்ணீர் ஓடினால் சுற்றும், மணி அடிக்கும். லீவு நாளில் அதை, தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் எங்கள் லைனின் பொதுக்குழாயில் மாட்டினோம்.

மறுநாளே மணி அடித்தது. லைனே குடத்தோடு ஓடிவந்தது. குழாய் புஸ்ஸென்று காற்றை மட்டும் விட்டது.

பக்கத்து வீட்டு அக்கா தோசைக் கரண்டியோடு நின்றார். "இன்னாம்மா இது, காத்துக்கெல்லாம் மணி அடிக்குது?"

தோழி எல்லாவற்றையும் பிரித்து மாற்றப் பார்த்தாள்.

"ஒவ்வொண்ணா மாத்துவோம். இல்லன்னா எதுல தப்புன்னே தெரியாது," என்றேன்.

காற்றில் சக்கரம் தாறுமாறான வேகத்தில் சுற்றுவதைப் பார்த்தோம். அந்த வேகத்துக்கு மணி அடிக்காதபடி புரோகிராமைத் திருத்தினோம். அடுத்த முறை தண்ணீர் நூல்போல வந்தது. சக்கரம் அசையவே இல்லை. மணியை நம்பியிருந்த பாதிப் பேருக்குத் தண்ணீர் தப்பிப்போனது. அக்கா காலிக் குடத்தோடு உள்ளே போனார். அதுதான் எனக்கு உறைத்தது.

"கழட்டிடலாம்டி," என்றாள் தோழி.

"கழட்டலாம். ஆனா சரி பண்ணித் திரும்ப மாட்டணும்."

சக்கரத்தை விட்டுவிட்டு, குழாய்க்குள் இரண்டு கம்பிகள் வைத்தோம். தண்ணீர் இரண்டையும் தொட்டால் மணி அடிக்கும். சில நாளில் கம்பிகள் பச்சை பூத்து அரித்துப்போயின. துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டோம். அரிப்பு குறைய, மின்சாரத்தையும் எந்நேரமும் விடாமல், விட்டுவிட்டு ஒரு நொடி மட்டும் பாயவைத்தோம். லேபில் சுத்தமான தண்ணீரை முழு வேகத்தில் விட்டுத்தான் சோதித்திருந்தோம். இப்போது வாசலில் உட்கார்ந்து கலங்கல் தண்ணீர், சொட்டுத் தண்ணீர், வெறும் காற்று என எல்லாவற்றையும் விட்டுப் பார்த்தோம். கை ஊறிப்போனது. பிறகுதான் அதைத் திரும்பக் குழாயில் மாட்டினோம்.

பரீட்சை லீவில் ஒரு மதியம் மணி அடித்தது. நம்பாமல்தான் வெளியே போனேன். மெல்லிசாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் குடம் ஏற்கெனவே குழாயடியில் இருந்தது.

"போயி உன் குடத்த எடுத்துனு வா," என்றார்.

மறுவாரம் பின் லைன்காரர்கள் தங்கள் குழாய்க்கும் ஒன்று கேட்டார்கள். நானும் தோழியும் வெறுங்கையோடு போய், அந்தக் குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டிருந்தோம்.