எலிக்கூட்டில் வேப்பங்கொத்து

விக்கிரமங்கலத்து ஆண்டாயி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அரியலூரில் ஒரு கல்லூரியில் பெருக்கித் துடைக்கிற வேலை. 1978-ஆம் வருஷம், விலங்கியல் ஆய்வுக்கூடத்து வெள்ளை எலிகளையும் அவள் பொறுப்பில் விட்டார்கள். காலையில் மாரியம்மனைக் கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டுதான் அவற்றுக்குத் தீவனம் வைப்பாள்.

அவளுக்கு ஒரே வயிற்றெரிச்சல். எலி குட்டி போடும். இரண்டே நாளில் தாயே அவற்றைத் தின்றுவிடும். மூன்று ஈற்று இப்படியே போயிற்று.

"இந்த ஈத்தும் தங்கலைன்னா எலி ரூமையே மூடிடுவேன். இருக்கிற எலியையும் மருந்து கொடுத்து முடிச்சிட வேண்டியதுதான்" என்றார் பேராசிரியர் வைத்திலிங்கம்.

ஆண்டாயி நடப்பதையெல்லாம் கவனித்தாள். குட்டி போட்ட மறுநாளே கூட்டைத் திறக்கிறார்கள், எடை போடுகிறார்கள், மாணவர்கள் கைக்குக் கை மாற்றிப் பார்க்கிறார்கள். கூடோ வெறும் தகரத் தட்டு. ஒண்டிக்கொள்ள ஒரு மூலை கிடையாது.

"சார், பெத்தவளை இப்படிப் புரட்டினா எந்தத் தாய் தாங்குவா? பத்து நாள் யாரும் தொடாம விடுங்க."

உதவியாளர் பழனிவேல் சிரித்தான். "எலிக்கும் தீட்டு காக்கணுமா ஆண்டாயிக்கா? அப்ப பேர் வைக்கவும் கூப்பிடு!"

"தாய்மாமன் நீதானே தம்பி, சீரோட வா."

சாரும் சிரித்துவிட்டார். "சரிம்மா, பத்து நாள். அதுக்கு மேல இல்ல."

நிறைமாத எலியின் கூட்டில் வைக்கோலை நறுக்கி மெத்தென்று பரப்பினாள். ஓரம் உடைந்த மண்சட்டியை அதன்மேல் கவிழ்த்தாள். குட்டி விழுந்த அன்று, பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கட்டுவதுபோல, கூட்டுக் கம்பியில் வேப்பங்கொத்து கட்டினாள்.

மறுநாள் வந்த மாணவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"டேய், எலிக்கு அம்மை போட்டிருக்குடா!"

ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஆண்டாயிக்குப் பொய் வராது. "அம்மை இல்லப்பா, புள்ள பெத்திருக்கா" என்றாள். யார் நம்பினார்கள்? அந்தப் பத்து நாளும் ஒருவன்கூடக் கிட்டே வரவில்லை.

அவளும் தண்ணீரும் தீவனமும் வைப்பதோடு சரி. சட்டியைத் தூக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். "தாயே, நீயே பாத்துக்க" என்று திரும்பிவிடுவாள்.

பதினோராம் நாள் சார் மெல்லச் சட்டியைத் தூக்கினார். பூமுடி படர்ந்த குட்டிகள், கொழுகொழுவென்று ஒன்றன்மேல் ஒன்று புரண்டன. எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

"ஒன்பது! ஆண்டாயிம்மா, ஒன்பதும் உசுரோட இருக்கு!"

அவள் இரு கையையும் தலைக்குமேல் குவித்தாள்.

எலி ரூம் மூடப்படவில்லை. சார் சுண்ணக்கட்டியை எடுத்துக் கதவில் பெரிதாக எழுதினார்: 'ஆண்டாயியைக் கேட்காமல் எந்தக் கூட்டையும் திறக்கக் கூடாது.'

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் பெயரைப் படிக்கும்போது குரல் தானாக ஓங்கியது.

"அப்ப நீங்களும் கேக்கணுங்களா சார்?"

"நான்தாம்மா முதல்ல கேக்கணும்" என்றார் வைத்திலிங்கம்.