கீறல் இல்லாத தோல்

திண்டுக்கல் பேகம்பூர் அப்துல் லத்தீப், தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிறவர். பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விரல்களால் ஒருமுறை வருடிப் பார்த்து ஒதுக்குவார். ஒட்டன்சத்திரம் காட்டுப்பக்கம் மேய்ந்த ஆடு என்றால், கருவேல முள் கிழித்த கோடு எங்கேனும் ஓடியிருக்கும். கோடு இல்லாதவை தனி அடுக்கு; அந்த அடுக்கே இத்தாலிக்குக் கப்பல் ஏறும். ஏறிய பின் அவை என்னவாயின என்பதை அவர் கண்டதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணை ஒருமுறையேனும் அவள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது போன்ற ஏக்கம் அது.

மகள் ரஃபியாவைப் பார்க்கச் சென்னைக்குப் போனபோது, அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இத்தாலிய உடைகளின் வரலாற்றைக் கண்காட்சியாக வைத்திருப்பதாக அவள் சொன்னாள். மறுநாளே மனைவி ஜெய்தூன் பீவியுடன் கிளம்பிவிட்டார். பள்ளிவாசல் பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"செருப்பையெல்லாம் இங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக. நீங்க என்னடான்னா வெளியே விட்டுட்டு வாரீக" என்றாள் ஜெய்தூன் பீவி.

"சும்மா வா, ஜெய்தூன்."

"இம்புட்டு வருசமா தோல் வாடையோடதான் வீட்டுக்கு வந்தீக. இப்ப டிக்கெட் எடுத்துல்ல அதையே பாக்க வந்திருக்கோம்."

பட்டு அங்கிகளையும் மணி கோத்த மேலாடைகளையும் அவர் நின்று பார்க்கவில்லை. முழங்கை வரை நீளும் பெண்கள் கையுறை ஒன்றின் முன்னால்தான் கால் நின்றது. குனிந்தும் பக்கவாட்டில் சாய்ந்தும் தோலின் மேல் ஒரு கோட்டைத் தேடினார். இல்லை.

அங்கே நின்ற வழிகாட்டிப் பெண்ணிடம், "இது எந்த ஊர் தோலும்மா?" என்றார்.

அவள் பெட்டியின் அடியிலிருந்த அட்டையைப் படித்தாள். "இத்தாலின்னு போட்டிருக்கு சார்."

"அது தைச்ச ஊரு. ஆடு எந்த ஊருன்னு..."

"அதைப் போடலையே சார்."

"ஆட்டுக்கு ரேசன் கார்டா இருக்கு" என்று ஜெய்தூன் பீவி முணுமுணுக்க, அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு, "வெளியே போற வழியில, தொட்டுப் பாக்குறதுக்குன்னே ஒரு தோல் துண்டு வச்சிருக்காங்க. அதுவும் அங்கருந்து வந்ததுதான்" என்றாள்.

வரிசையில் நின்று அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். கண்ணை மூடி வருடினார். வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இருந்தால் போதும், நம்ம பக்கத்து ஆடுதான் என்று சொல்லிவிடுவார். ஆனால் கீறல் இல்லாததாகப் பார்த்துப் பார்த்து இத்தனை காலமும் பொறுக்கி அனுப்பியவர் அவரேதான்.

"நம்மதா?" ஜெய்தூன் பீவியின் குரலில் இப்போது கேலி இல்லை.

"இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம்ல?"

"ஆமா."

பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். லத்தீப் துண்டை மேசையில் வைத்தார். வெளிவாசலை நோக்கிச் சிறிது நடந்தவர், திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். ஜெய்தூன் பீவியும் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.