பெயிண்ட் ஷாப்பில் சன்ஸ்கிரீன்

கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எனக்கு இடப்பக்க சீட்டுதான் வேண்டும். வேப்பம்பட்டிலிருந்து தேர்வாய் கண்டிகைக்கு வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். சாயங்காலம் திரும்பும்போதும் வலப்பக்கம்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தச் சீட்டுக்காக நான் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே.

இரண்டு கன்னமும் சிவந்து தடித்து, மூட்டெல்லாம் வலியெடுத்து, திருவள்ளூரில் ஒரு தோல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தது போன சித்திரையில். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா, லூபஸ் என்றார். உடம்பு தன்னோடு தானே சண்டை போடும் வியாதியாம். மாத்திரை எழுதினார். கூடவே ஒரு சன்ஸ்கிரீன் ட்யூபையும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

“இதுவும் உனக்கு மருந்துதாம்மா. தினம் வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி போடணும். மத்தியானம் மறுபடியும். மேகமா இருந்தாலும் விடக் கூடாது. உனக்கு வெயில் பட்டா இது முகத்தோட நிக்காது, கிட்னி வரைக்கும் போகலாம். லெட்டர் தர்றேன், வேலை செய்யற எடத்துல காட்டு.”

கிட்னி என்றதும் பயந்துபோனேன். அந்த ட்யூபை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தபோது பயம் இன்னும் அதிகமானது. என் வேலை அப்படி.

பெயிண்ட் ஷாப்பில் நான் காண்ட்ராக்ட். பைக்கின் பெட்ரோல் டேங்கைப் பெயிண்டுக்கு அனுப்பும் முன் துணியால் துடைத்துவிட வேண்டும். அந்தக் கதவுக்குள் நுழைகிறவர் முகத்தில் கிரீம் கூடாது, பவுடர் கூடாது, சென்ட்டும் கூடாது. கண்ணுக்கே தெரியாத ஒரு துளி கிரீம் டேங்கில் பட்டால் போதும், பெயிண்ட் அங்கே ஒட்டாமல் விலகிக் குழி விழுந்துவிடும். ஃபிஷ் ஐ என்பார்கள். உண்மையிலேயே மீன் முறைப்பது போலத்தான் இருக்கும்.

லெட்டரைக் காட்டி வேறு இடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். காண்ட்ராக்ட் ஆள் வியாதி என்று வாயைத் திறந்தால் மறுநாள் கேட்டில் பாஸ் செல்லாது. என் கண் முன்னாலேயே இரண்டு பேர் அப்படிப் போனார்கள். லெட்டர் என் பையிலேயே கிடந்தது.

ஆகவே திருட்டுத்தனம். வீட்டில் பூசிக்கொண்டு கிளம்புவேன். கம்பெனியில் இறங்கியதும் பாத்ரூமுக்கு ஓடி, சோப்பு போட்டு இரண்டு தடவை முகம் கழுவிவிட்டு உள்ளே போவேன். மத்தியானம் கேன்டீனுக்கு வெட்டவெளியைத் தாண்ட வேண்டும். மறுபடி பூச்சு, மறுபடி கழுவல். கழுவிக் கழுவி முகம் எரியும். போனதா, போகவில்லையா என்று கன்னத்தைத் தடவிப் பார்ப்பேன். தடவிய பிறகு, ஐயோ, விரலில் ஒட்டியிருக்குமே என்று கையைக் கழுவ ஓடுவேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண் ஒருநாள் என் பையில் ட்யூபைப் பார்த்துவிட்டாள்.

“இன்னாக்கா, மூஞ்சிக்கு கிரீம்லாம் பூசிகினு? வெள்ளையாயி சினிமாவுக்கா போப்போற?”

“ஆமாண்டி, ஹீரோயினி சான்ஸு வந்துகிது” என்றேன். ஆசைக்காரி என்று நினைத்தால் நல்லதுதான், நோயாளி என்று நினைக்காமல் இருந்தால் சரி.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, டேங்க் டேங்காகக் குழி விழ ஆரம்பித்தது. லைனை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவர் கையுறையாக முகர்ந்து பார்த்தார். என் முறை வருவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. முகர்ந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய்தான் எனக்குச் சனி. என்னால்தான் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தாங்க முடியாமல் அவர் பின்னாலேயே போய், “நான்தான் சார், கிரீம் பூசிகினு வரேன்” என்று சொல்லிவிட்டேன்.

“அழகு கேக்குதாம்மா இங்க?” என்று கத்தினார். அழகுக்கு என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்ப்ரேவுக்கு வரும் காற்றுக் குழாயில் கம்ப்ரெஸர் எண்ணெய் கசிந்திருப்பதை மெயின்டனன்ஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். குழிக்குக் காரணம் அதுதான். நான் இல்லை. சொன்னதைத் திரும்ப விழுங்கவா முடியும்?

சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது.

“உம்மேல தப்பில்ல. ஆனா தெரிஞ்சிகினு இனிமே உன்ன உள்ள வுட முடியாது. நாளையிலேருந்து யார்டுக்குப் போ. வண்டி எண்ணி எழுதற வேல. அங்க எவ்ளோ வேணா பூசிக்கோ, எவனும் கேக்க மாட்டான்.”

யார்டு என்பது செய்து முடித்த பைக்குகளை நிறுத்திவைக்கும் இடம், ஏக்கர் கணக்கில் பொட்டல். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை தலைக்கு மேல் ஒரு தகரம்கூடக் கிடையாது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். பையிலிருந்து லெட்டரை எடுத்து நீட்டினேன்.

நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தார்.

“உள்ள கிரீம் ஆவாது. வெளிய வெயில் ஆவாது. நான் உன்ன எங்கம்மா வெக்கறது?”

“நெழலா எங்கனா வையுங்க சார்.”

மேலதிகாரிகளிடம் பேசிவிட்டு ஃபோன் பண்ணுவதாகச் சொன்னார். அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லி, கேட்டில் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

புரட்டாசி பிறந்துவிட்டது. ஃபோன் வந்தால் உடனே ஓட வேண்டுமே என்று தினம் காலையில் முகத்துக்குப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.